‘நாடு’ தீர்ந்த நாள்

நாற்பதாம் பக்கம் கோக்கும்போது
‘நாடு’ தீர்ந்துவிட்டது.

எழுத்துப் பெட்டியில் அதன் அறைக்குள்
விரல்விட்டுத் துழாவினேன்:
ஈயத்தூள், ஒரு செத்த அந்து.

பிளம் பழுக்கும் மாதத்து ஷாங்காய் மழையில்
சுவர் வியர்க்கும் எங்கள் அச்சுக்கூடத்துக்கு
இருபது ‘நாடு’ தாராளம்.
கல்யாண அழைப்பும் இருமல் மருந்தும் வாடகைச் சீட்டும்
அதை எங்கே கேட்டன?
இந்தக் குத்துச்சண்டைப் புத்தகம்
வரிக்கு வரி கேட்கிறது:
நாட்டுக் கலை, நாட்டு உடல், நாட்டு மூச்சு,
நாட்டு முதுகெலும்பு.

முன்னுரை ஒரு கர்னல் எழுதியது.
அந்நியர் நம்மை நோயாளி என்கிறார்களாம்.
எழுந்து நில்லுங்கள், நாற்பது கோடிப் பேரே,
இடது காலை அரை அடி முன்னே வையுங்கள்.
எனக்கு அந்த வரி பிடித்திருந்தது.
உண்மையைச் சொன்னால், கோக்கும்போதே நிமிர்ந்து நின்றேன்,
இருமல் வந்து குனியவைக்கும்வரை.

படங்களில் நிற்பவர் பெயர் தியே.
தியே என்றால் இரும்பு.
வடக்கே உப்பளத்துப் பக்கம், பன்றி தொடாத குடும்பம்.
வணிகர்களின் வெள்ளிக்குக் காவலாய்
வண்டியோடு நடந்தவர்.
ரயில் வந்தது. வெள்ளி ரயிலேறிப் போனது.
அவர் கைகள் மட்டும் சாலையிலேயே நின்றன.
இப்போது ஒரு படத்துக்கு எட்டுக் காசு.

ஒவ்வொரு அசைவுக்கும் அவர் ஊரில் ஒரு பெயர் உண்டு:
தொழுகைக்கு முன் கை கழுவுதல்,
கடன்காரனுக்குக் கதவு சாத்துதல்,
மைத்துனி முறம் வீசுதல்.
கர்னல் சிவப்பு மையால் அடித்திருந்தார்.
நிலை மூன்று. நிலை நான்கு. நிலை ஐந்து.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
வடக்கும் தெற்கும் ஒரே பெயரில் உதைக்க வேண்டும்.

அண்ணனைப் பற்றிய வரியும் போயிற்று.
மந்திரம் எழுதிய தாளை விழுங்கிவிட்டு
துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்தவன்.
மூடநம்பிக்கை, நீக்குக.
நீக்கினேன்.
ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட்டேன்.
‘தாள்’ மட்டும் வேறொரு பக்கத்துக்குத் தேவைப்பட்டது.

எதிர்ச் சந்துப் பள்ளிக்கு
முதல் எட்டுப் பக்கம் ஏற்கெனவே போயாயிற்று.
விசில்.
முந்நூறு பிள்ளைகள், நிலை மூன்று.
ஒரு சிறுமி மட்டும் முடித்ததும் கையை உதறினாள்,
ஈரம் இருப்பதுபோல்.

எழுத்து இல்லாத இடத்தில்
வேறு ஏதாவது ஒன்றைத் தலைகீழாகச் செருகுவது எங்கள் வழக்கம்.
எழுத்தின் அடிப்பக்கத்துக்குத் தொழிலில் பெயர் கால்.
மெய்ப்புத்தாளில் அது
இரண்டு கறுப்புக் கட்டைகளாய் விழும்.

அன்றைக்குத்தான் தியே வந்தார், கூலி பாக்கிக்கு.
முதலாளி ஜுவாங் வழக்கம்போல் வெளியே.
கொடியில் காயும் தாள்களைப் பார்த்தபடி நின்றார்.
படிக்கத் தெரியாது. தன் படத்தையும் பார்க்கவில்லை.
கட்டைகள்மேல் விரல் வைத்து, ‘இது என்ன?’

‘இங்கே நாடு வரணும். வார்க்கக் கொடுத்திருக்கு.’

‘அது எப்படி இருக்கும்?’

மேசைத் தூசியில் வரைந்து காட்டினேன்.
சுற்றி நாலு சுவர். உள்ளே ஒரு ஈட்டி, ஒரு வாய்,
அடியில் ஒரு கோடு மண்.

ஈட்டியை உடனே கண்டுகொண்டார்.
வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
‘இவ்வளவு கிட்டே சுவர் இருந்தால்
ஈட்டியைச் சுழற்ற முடியாது’ என்றார்.
‘பிடித்தவன் எங்கே? கால் இல்லையே.’

பிறகு மெய்ப்பின் இரண்டு கட்டைகள்மேல்
இரண்டு விரலை ஊன்றினார்,
இடது கொஞ்சம் முன்னே.
‘இதிலே நிற்கலாம்.’

சாயங்காலம் வார்ப்படப் பையன் வந்தான்,
ஈரச் சாக்குக்குள் அறுநூறு ‘நாடு’,
இன்னும் சூடு ஆறாமல்.
பக்கம் பக்கமாய்க் கால்களைப் பிடுங்கி
அவற்றை நட்டேன்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று.
மறதி.
ஜுவாங்கிடம் அப்படித்தான் சொன்னேன்.
அரைநாள் கூலி பிடித்தார்.